கருத்துக் கேட்பும் கணித்தமிழும்: மாநில அரசின் தகவல் தொழில்நுட்பக் கொள்கையில் மக்களின் மறுமொழி

மாநில அரசு ஒன்று தகவல் தொழில்நுட்பத் துறைக்கான கொள்கையை வகுக்கும்போது, அதன் வரைவை முன்கூட்டியே வெளியிட்டு, குறித்த நாளுக்குள் பொதுமக்கள் தங்கள் கருத்தை அனுப்பலாம் என்று அறிவிப்பது அண்மைக் காலத்தில் பரவலாகிவரும் நடைமுறையாகும். இந்நடைமுறையை மக்களாட்சியின் மலர்ச்சியென்று போற்றுவோரும் உண்டு. முடிவெடுத்தபின் நிகழும் சடங்கென்று ஒதுக்குவோரும் உண்டு. இரு மதிப்பீடுகளுமே கருத்துக் கேட்பு எந்தச் சூழலில் பயன்தருகிறது, எந்தச் சூழலில் பயனற்றுப்போகிறது என்ற கேள்வியைக் கடந்து சென்றுவிடுகின்றன. அக்கேள்விக்கு விடை தேடத் தமிழ்நாட்டில் பொருத்தமான ஒரு வரலாறு உண்டு. கணினியில் தமிழ் எழுத்துகளை எவ்வாறு இடுவது, எவ்வாறு சேமிப்பது என்பது குறித்து 1999 முதல் 2010 வரை தமிழ்நாட்டு அரசு எடுத்த முடிவுகளும், அவற்றின்மேல் உள்நாட்டுத் தமிழரும் அயலகத் தமிழரும் தெரிவித்த கருத்துகளும் அவ்வரலாற்றின் உள்ளடக்கம்.

முதலில் கொள்கைக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். சட்டமுன்வடிவு பேரவையில் அறிமுகமாகி, விவாதிக்கப்பட்டு, வாக்கெடுப்புக்கு உட்பட்டு, ஆளுநரின் இசைவு பெற்ற பின்னரே சட்டமாகிறது. கொள்கையோ பெரும்பாலும் துறைச் செயலகத்தில் உருவாகி, அமைச்சரவையின் அல்லது துறையின் ஒப்புதலோடு அரசாணையாக வெளிவருகிறது. அதன்மேல் பேரவை வாக்களிப்பதில்லை. சட்டத்துக்குப் பல வாயில்களில் சோதனை உண்டென்றால், கொள்கைக்கு வெளியாரின் சோதனை நிகழக்கூடிய வாயில் பொதுமக்களின் கருத்துக் கேட்பு ஒன்றே. தொழில்நுட்பக் கொள்கையில் இதன் முக்கியத்துவம் மேலும் கூடுகிறது. சாலைத் திட்டத்தில் நேர்ந்த பிழையை அடுத்த நிதியாண்டில் திருத்தலாம். ஒரு தரப்பாட்டைப் பின்பற்றிக் கோடிக்கணக்கான ஆவணங்கள் உருவாகிவிட்டபின் அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு, தொடக்கத்தில் அதை வகுப்பதற்கு ஆன செலவைவிடப் பன்மடங்கு பெரிதாகிவிடும். தரப்பாடு என்பது எல்லாரும் ஒரே முறையைக் கையாளும்பொருட்டு அதிகாரம் பெற்ற அமைப்பு ஒன்று வரையறுத்து அறிவிக்கும் ஒழுங்கு என்று இங்கே கொள்ளலாம்.

சிதறிக் கிடந்த எழுத்துருக்கள்

கணினி எழுத்துகளை எண்களாகவே அறியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுக்கும் அட்டவணைக்குக் குறியேற்றம் என்று பெயர். அந்த எண்ணுக்குரிய வடிவத்தைத் திரையிலும் தாளிலும் வரைந்து காட்டுவது எழுத்துரு. 1980களிலும் 1990களிலும் தமிழ் மென்பொருள் ஆக்கியவர்கள் ஒவ்வொருவரும் தமக்கேற்ற குறியேற்றத்தை வகுத்துக்கொண்டதால், ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் அடித்த கட்டுரை இன்னொரு நிறுவனத்தின் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. இணையத்தில் தமிழ் இதழ்கள் தோன்றியபோது, ஒவ்வோர் இதழையும் படிக்க அவ்விதழுக்குரிய எழுத்துருவைத் தனித்தனியே இறக்கிக்கொள்ள வேண்டிய நிலை இருந்தது.

இந்தச் சிக்கலை முதலில் உணர்ந்து விவாதித்தவர்கள் அரசு அதிகாரிகள் அல்லர். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஐரோப்பா, வட அமெரிக்கா, தமிழ்நாடு எனப் பல இடங்களில் வாழ்ந்த ஆர்வலர்களே. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தின் கு. கல்யாணசுந்தரம் போன்றோர் தாமே எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் ஆக்கியவர்கள். 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடு இவர்களை ஓரிடத்தில் கூட்டியது. அதையடுத்து மின்னஞ்சல் வழியாகவே நடந்த நீண்ட விவாதத்தில் திஸ்கி என்னும் குறியேற்றம் உருவானது. 256 இடங்கள் கொண்ட எட்டுத்துணுக்கு அட்டவணையில் முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டு, எஞ்சிய இடங்களில் தமிழின் எழுத்து வடிவங்களை அடக்கும் ஏற்பாடு அது. 247 எழுத்துகளும் 128 இடங்களில் அடங்கா என்பதால், எவ்வெழுத்துக்கு முழு இடம் தருவது, எதனை உறுப்புகளாகப் பிரிப்பது என்பதே விவாதத்தின் மையமாக இருந்தது. அரசு ஒன்றும் அழைக்காமலேயே, பயன்படுத்துவோர் தம்முள் கூடி வரைவு எழுதித் திருத்திக்கொண்ட நிகழ்வு என்ற வகையில் இது கருதத்தக்கது.

1999: சோதித்துப் பார்க்கக்கூடிய வரைவு

1999 பிப்ரவரி 7, 8 ஆகிய நாள்களில் தமிழ்நாட்டு அரசு சென்னையில் தமிழ்நெட் 99 மாநாட்டைக் கூட்டியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் இம்முயற்சிக்கு முன்னின்றார். மாநாட்டில் இரு குறியேற்றங்களும் ஒரு விசைப்பலகையும் முன்வைக்கப்பட்டன. டாம் என்பது தமிழ் மட்டும் அடங்கிய குறியேற்றம், அச்சுப் பக்கங்களை அமைப்போருக்கு ஏற்றது. டாப் என்பது தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தது, மின்னஞ்சலுக்கும் இணையத்துக்கும் ஏற்றது. தமிழ்99 என்ற விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் ஒதுக்கப்பட்டன. ககர விசையை இருமுறை அழுத்தினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே விழுந்து 'க்க' என்று அமையுமாறு தமிழின் ஒலியியல்பே விசைகளின் விதியாயிற்று.

இம்மூன்றும் மாநாட்டு மேடையிலேயே இறுதி வடிவம் பெற்றுவிடவில்லை. ஏறத்தாழ 100 நாள் பொதுச் சோதனைக்கு விடப்பட்டு, வந்த கருத்துகளின்படி திருத்தப்பட்டு, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அரசாணையாக வெளிவந்தன. கருத்துக் கேட்பின் முறையியலைப் பொறுத்தவரை இந்த இடைக்காலமே அம்மாநாட்டின் மிகப் பெரிய கொடை எனலாம். பொதுவாக அரசுகள் வெளியிடும் கொள்கை வரைவில் தொலைநோக்கு, இலக்கு, ஊக்கத்தொகை என்பன போன்ற பெருஞ்சொற்கள் நிறைந்திருக்கும். அவற்றை ஆதரிக்கலாம் அல்லது எதிர்க்கலாமேயன்றி, செய்துபார்த்துக் குறைகூற இயலாது. 1999இன் வரைவோ கணினியில் நிறுவி, அடித்துப் பார்த்து, எந்த எழுத்து உடைகிறது, எந்த மென்பொருளில் எந்த இடம் மறைகிறது என்று சுட்டிக்காட்டத்தக்க வடிவில் இருந்தது. அத்தகைய வரைவுக்கு வரும் மறுமொழி உணர்ச்சியில் நில்லாமல் சான்றோடு வருகிறது. சான்றோடு வரும் மறுமொழியை அதிகாரி எளிதில் புறந்தள்ள இயலாது.

கேட்கப்படாத விரல்கள்

எனினும் அரசாணை வெளிவந்தபின் நிகழ்ந்தது எதிர்பார்த்தபடி அமையவில்லை. அயலகத் தமிழரிடையே திஸ்கி தொடர்ந்து வழங்கியது. நாளிதழ்களும் பதிப்பகங்களும் தத்தம் பழைய எழுத்துருக்களை விடவில்லை. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலேயே வானவில் போன்ற தனி எழுத்துருக்களில் அரசாணைகள் பல்லாண்டுகள் அடிக்கப்பட்டன. ஒரு தரப்பாட்டை அறிவித்த அரசே அதைத் தன் அன்றாட எழுத்துப்பணியில் முழுமையாகக் கைக்கொள்ளாமற்போனதற்குக் காரணம் தேடுவது இங்கே இன்றியமையாதது.

அரசு அலுவலகத்தில் தமிழை அடிப்பவர் தட்டச்சர். அவர் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தட்டச்சுப்பொறியின் விசையமைப்பைப் பயின்று, அதில் இளநிலையும் முதுநிலையும் தேறி, அத்தேர்ச்சியின் பேரில் பணியில் சேர்ந்தவர். தட்டச்சுப்பொறியில் 'கெ' என்று அடிக்க முதலில் ஒற்றைக்கொம்பையும் பின்னர் ககரத்தையும் அழுத்த வேண்டும். அதாவது கண் காணும் வரிசையே கை இயங்கும் வரிசை. தமிழ்99இல் முதலில் ககரமும் பின்னர் எகரமும் வரும். அதாவது ஒலிக்கும் வரிசையே விரல் இயங்கும் வரிசை. புதிதாகப் பயிலும் மாணவருக்குப் பின்னது எளிது. இருபது ஆண்டு பழகிய விரல்களுக்கு அது தலைகீழ் மாற்றம். தட்டச்சுத் தேர்வு பழைய விசையமைப்பிலேயே தொடர்ந்ததால், புதிதாகப் பணியேற்றவரும் பழைய பழக்கத்தோடே வந்தனர். அச்சகங்களில் பக்கம் அமைப்போர் நிலையும் இதுவே.

மாநாட்டில் பேசியவர்கள் மென்பொருள் ஆக்குநர்கள், பேராசிரியர்கள், ஆர்வலர்கள் ஆகியோர். அவர்களிடமிருந்து வந்த கருத்து தரமானது. ஆனால் கொள்கையை நாள்தோறும் கையாள வேண்டிய தட்டச்சரும் பக்க அமைப்பாளரும் கருத்துக் கூறும் வழக்கமுடையவர் அல்லர். அவர்களை யாரேனும் தேடிச் சென்று கேட்டாலன்றி அவர்கள் குரல் எழாது. இதிலிருந்து பெறப்படும் பொதுவிதி, கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் கருத்துக் கேட்பில் ஏற்கெனவே பேசத் தெரிந்தவரே நுழைவர் என்பதாகும். மின்னாளுமை, இணையவழிச் சான்றிதழ், செயற்கை நுண்ணறிவு என்று இன்று எக்கொள்கை வந்தாலும், இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தை நிரப்பும் பணியாளரும், கைரேகை பதியாமல் நியாயவிலைக் கடையிலிருந்து திரும்பும் முதியவரும் தாமாக மின்னஞ்சல் அனுப்பப்போவதில்லை.

காலம் கடந்த மறுமொழி

எட்டுத்துணுக்குக் குறியேற்றங்கள் தம்முள் போட்டியிட்டுக்கொண்டிருந்தபோதே ஒருங்குறி வந்து சேர்ந்தது. உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் ஒரே அட்டவணையில் தனித்தனி எண் வழங்கும் பன்னாட்டுக் குறியேற்றமே ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்விடங்களின் வரிசை, இந்திய அரசின் துறை ஒன்று 1988இல் இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக வகுத்த இஸ்கி என்னும் குறியேற்றத்தைத் தழுவியது. அதன்படி உயிரெழுத்தும் அகரமேறிய மெய்யும் தனி எண் பெற்றன. ஏனைய உயிர்மெய்கள் மெய்யையும் உயிர்க்குறியையும் அடுத்தடுத்து வைத்து ஆக்கப்பட்டன. 'கி' என்ற ஒரே எழுத்து கணினிக்குள் இரண்டு குறிகளாகிறது. இன்று பெருவழக்காக உள்ள சேமிப்பு முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு வீதம் அது ஆறு பைட்டு இடம் பிடிக்கிறது.

இவ்வமைப்பு தமிழின் இயல்புக்குப் பொருந்தவில்லை என்றும், உயிர்மெய் ஒவ்வொன்றும் தனி எண் பெற வேண்டும் என்றும் தமிழ்நாட்டில் வலுவான கருத்து எழுந்தது. அக்கருத்தின் வெளிப்பாடாக அனைத்தெழுத்துக் குறியேற்றம் ஒன்று வகுக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, டேஸ்16 என்று பெயர் பெற்றது. சேமிப்பிலும் தேடலிலும் வரிசைப்படுத்தலிலும் அது சிக்கனமானது என்று அதன் ஆதரவாளர்கள் வாதிட்டனர். வாதத்தில் வலு இருந்தது, காலம்தான் கடந்துவிட்டிருந்தது. ஒருமுறை இடம் தந்த எழுத்தை நீக்குவதோ இடம் மாற்றுவதோ இல்லை என்பது ஒருங்குறியைப் பேணும் அமைப்பான ஒருங்குறிச் சேர்த்தியத்தின் நிலைப்புக் கொள்கை. பழைய ஆவணங்கள் படிக்கத்தக்கனவாக நிலைக்க வேண்டும் என்பதே அதன் காரணம். ஆகவே டேஸ்16 ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியிலேயே இடம்பெற நேர்ந்தது. தனிப்பயன் பகுதி என்பது யாரும் தமக்குள் உடன்பட்டு எப்பொருளிலும் கையாளலாம் என்று பொதுவில் விடப்பட்ட இடம். அதில் எழுதியதைத் தேடுபொறியோ கைப்பேசியோ தமிழென்று அறியும் என்ற உறுதி கிடையாது.

2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதனோடு தமிழ் இணைய மாநாடும் நடந்த அதே நாள்களில் வந்த அரசாணை, ஒருங்குறியைத் தமிழ்நாட்டு அரசின் தரப்பாடாகவும், ஒருங்குறித் தமிழைக் கையாள இயலாத மென்பொருள் சூழலுக்கு டேஸ்16ஐ மாற்றாகவும் அறிவித்தது. நடுநிலையான முடிவுதான், ஆயினும் பக்க அமைப்பு மென்பொருள்கள் பின்னாளில் ஒருங்குறித் தமிழை ஏற்கத் தொடங்கியதும் மாற்றின் தேவை சுருங்கியது. 1980களின் இறுதியில், இஸ்கியின் வரைவு தமிழறிஞர்களிடமும் தமிழ்க் கணினி ஆக்குநரிடமும் பரவலாக விவாதிக்கப்பட்டிருந்தால் அனைத்தெழுத்துக் கோரிக்கை உரிய வேளையில் முன்வைக்கப்பட்டிருக்கலாம். அத்தகைய வாயில் அன்று திறக்கப்படவில்லை. இருபது ஆண்டு கழித்து வந்த சிறந்த வாதத்தால் அடிப்படையை அசைக்க முடியவில்லை. கருத்துக் கேட்பின் தரம் கேட்கப்படும் காலத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பதிவும் பதிலும்

காலத்தோடு வந்த கருத்து என்ன செய்யும் என்பதற்கும் அதே 2010ஆம் ஆண்டில் சான்று கிடைத்தது. வடமொழியை எழுத வழங்கிய கிரந்த எழுத்துகளுக்கு ஒருங்குறியில் இடம் தரும் முன்மொழிவில் எ, ஒ ஆகிய குற்றுயிர்களும் ழ, ற, ன ஆகிய தமிழ் மெய்களும் சேர்க்கப்பட்டிருந்தன. தமிழுக்கே உரிய எழுத்துகள் வேறோர் எழுத்துமுறையின் பகுதியாக மறுமுறை குறியேற்றம் பெறுவதைத் தமிழறிஞர்களும் கணித்தமிழ் ஆர்வலர்களும் எதிர்த்தனர். தமிழ்நாட்டு அரசும் 2010 நவம்பரில் மத்திய அரசுக்கு எழுதி முடிவைத் தள்ளிவைக்கக் கேட்டது. 2014இல் ஒருங்குறியின் ஏழாம் பதிப்பில் கிரந்தம் இடம்பெற்றபோது அவ்வெழுத்துகள் அதில் இல்லை. அவற்றுக்குரிய இடங்கள் வெற்றாகவே விடப்பட்டுள்ளன.

இம்மறுமொழி பயன் தந்ததற்கு அரசியல் ஆதரவு ஒரு காரணம். மற்றொரு காரணம் ஒருங்குறிச் சேர்த்தியத்தின் நடைமுறை. அங்கே வரும் முன்மொழிவும், அதன்மேல் வரும் எதிர்ப்பும், எதிர்ப்புக்கு வரும் விளக்கமும் ஆவண எண் பெற்றுப் பொதுவில் வைக்கப்படுகின்றன. கூட்டத்தின் குறிப்பும் வெளியாகிறது. யார் எதைக் கூறினார், எது ஏற்கப்பட்டது என்பதை எவரும் பின்னோக்கிச் சென்று காணலாம்.

இந்திய அரசுகளின் நடைமுறை இவ்வகையில் சீரானதாக இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு, கேள்விகளை வரிசைப்படுத்திக் கேட்டு, வந்த மறுமொழிகளை வெளியிடும் வழக்கம் உடையது. 2015இல் இணையச் சமநிலை, அதாவது இணையச் சேவைகள் அனைத்தையும் வேறுபாடின்றி நடத்துதல், குறித்து அது கேட்டபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. அதே ஆண்டின் இறுதியில் கட்டண வேறுபாடு குறித்து நடந்த கலந்தாய்வில், ஒரு நிறுவனம் தன் பயனர் வழியே திரட்டிய ஒரே வார்ப்பிலான மடல்கள், கேட்ட கேள்விகளுக்கு விடையளிக்கவில்லை என்று ஆணையம் சுட்டியது. 2016 பிப்ரவரி 8 அன்று வேறுபட்ட கட்டணத்தைத் தடைசெய்யும் ஒழுங்குமுறையை வெளியிட்டது. கருத்துக் கேட்பு வாக்கெடுப்பாகாது என்பதும், எண்ணிக்கையைவிடக் காரணமே எடையுள்ளது என்பதும் இதனால் நிறுவப்பட்டன. மறுபுறம், மத்திய மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவை 2025 ஜனவரியில் வெளியிட்டபோது, வரும் கருத்துகள் நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்படும், எவருக்கும் வெளியிடப்படா என்று அறிவித்தது. அஞ்சாமல் கருத்துக் கூற இது வழிசெய்யும் என்பது அமைச்சகத்தின் வாதம். பெயரை மறைக்க விரும்பும் தனிமனிதருக்கு அவ்வாதம் பொருந்தும். பெருநிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கூறியவற்றையும் சேர்த்து மறைப்பதற்கு அது போதிய காரணமாகாது.

சட்டத்தில் உள்ள பிடிமானம்

மாநில மக்கள் இவ்விஷயத்தில் வெறுங்கையோடு நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அவைதொடர்பான உண்மைகளைப் பொது அதிகார அமைப்பு தானாகவே வெளியிட வேண்டும் என்றும், நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்படுவோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இப்பிரிவு மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும். 2014இல் மத்திய அரசு ஏற்ற சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை, வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்கவும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிடவும் பணிக்கிறது; ஆனால் அது மத்திய அரசின் சட்டங்களுக்கும் விதிகளுக்குமே உரியது, மாநிலக் கொள்கைகளுக்கு எட்டாது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2016 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விதியமைப்பில் மக்கள் கருத்தைக் கேட்பதையும் காரணம் கூறுவதையும் கட்டாயமாக்கும் பொதுச்சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இயற்றுவது நலம் என்று, அமெரிக்காவின் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்காட்டிக் கூறியது. அத்தகைய பொதுச்சட்டம் இதுவரை இயற்றப்படவில்லை.

செய்ய வேண்டுவன

மேற்கண்ட வரலாற்றிலிருந்து தமிழ்நாட்டு அரசின் முன் வைக்கத்தக்க கோரிக்கைகள் நான்கு. முதலாவது, தகவல் தொழில்நுட்பம் சார்ந்த எந்த வரைவும் தமிழில் வெளிவர வேண்டும். ஆங்கில வரைவுக்குக் கருத்துக் கேட்பது பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோரை வாயிலிலேயே நிறுத்துவதாகும். இரண்டாவது, ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கும் மென்பொருள் வாங்குவதற்கும் முன்னரே வரைவு வெளிவர வேண்டும். பணம் கொடுத்தபின் கேட்கப்படும் கருத்து இஸ்கிக்குப் பின் வந்த வாதத்தின் கதியையே அடையும். மூன்றாவது, இயலும் இடங்களில் வரைவோடு சோதனை வடிவமும் தரப்பட்டு, அதைக் கையாளப்போகும் அலுவலகப் பணியாளர், ஆசிரியர், மாற்றுத்திறனாளிகள், இ-சேவை மையத்தார் ஆகியோரிடம் அரசே நேரில் சென்று கேட்க வேண்டும். நான்காவது, வந்த கருத்துகளைப் பொருள்வாரியாகத் தொகுத்து, எது ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் பதிலெழுதி, இறுதிக் கொள்கையோடு வெளியிட வேண்டும். இந்நான்கையும் ஓர் அரசாணையின் வழியே நடைமுறைக்குக் கொண்டுவரலாம். பேரவைச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடமை அரசுக்கு மட்டும் உரியதன்று. வார்ப்பு மடலில் கையொப்பமிடுவதோடு நின்றுவிடாமல், வரைவின் எப்பிரிவு, அதனால் யாருக்கு என்ன விளையும், மாற்று வாசகம் யாது என்று எழுதி அனுப்பும் பழக்கத்தைக் கல்லூரிகளும் நூலக வாசகர் வட்டங்களும் தொழிற்சங்கங்களும் வளர்க்க வேண்டும். பதில் வராதபோது தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் காரணத்தைக் கேட்டுப் பெற வேண்டும். பயன்படுத்துவோரே கூடித் தரப்பாடு எழுதிய மரபு தமிழருக்கு உண்டு. அடுத்த தொழில்நுட்பக் கொள்கையின் வரைவு வெளிவரும் நாளில் அம்மரபைக் கைக்கொண்டு, காலத்தே, சான்றோடு, தமிழில் மறுமொழி எழுத முன்வருமாறு தமிழ்ப் பொதுமக்களை இவ்வுரை வேண்டுகிறது.